பதிலிக்கு ஒரு ஆப்

1978-ல் சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஷிப்ட் போடுவதற்கு என் கையில் கொடுத்த மென்பொருள் மொத்தம் நாலு உருப்படி: ஒரு மஸ்டர் ரோல், ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஆணிப் பலகையில் வரிசையாகத் தொங்கும் பித்தளை டோக்கன்கள். "பேனாவுல எழுதாத தம்பி, சண்டை வரும். பென்சில்ல எழுது, பேச்சோட போயிரும்" என்று சொல்லி, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பயிற்சி வகுப்பை முடித்துக்கொண்டார்.

இப்போது என் மருமகள் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி லிஸ்ட் அவர்களுக்குச் செல்போனில் வருகிறது. அந்த ஆப்புக்குப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம், "மாமா, என்னென்ன புதுசா வந்திருக்கு பாருங்க" என்று கொண்டுவந்து காட்டுவாள். பென்சில்காரனை வெறுப்பேற்றுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புதுசு எங்கே இருக்கிறது என்று தேடுவேன்.

போன பதிப்பின் அதிசயம் 'ஓப்பன் ஷிப்ட்'. யாராவது திடீர் லீவு போட்டால், காலியான இடம் எல்லோருடைய போனிலும் மின்னும். முதலில் விரல் வைப்பவருக்கு அந்த டூட்டி. "ஆள் தேடி யாரும் அலைய வேண்டியதில்ல மாமா" என்றாள்.

நாங்களும் அலைந்ததில்லை. ஆள் கேட்டிலேயே நின்றுகொண்டிருப்பான். அவனுக்குப் பதிலி என்று பேர். தொழில் தகராறு சட்டத்திலேயே அவனுக்கு இலக்கணம் எழுதி வைத்திருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி வராத அன்றைக்கு அவனுடைய இடத்தில் நிற்பவன். சங்கு ஊதுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு, தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள். போசியில் சோறு இருக்கும். வேலை இருக்குமா என்பது எனக்குத்தான் தெரியும். டோக்கன் எடுக்காத ஆணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், "ஏனுங்க சார், ரிங் ஃப்ரேம்ல ஆள் கொறையுதுங்களா?" என்று பல குரல்கள் ஒன்றாக வரும். மேஸ்திரி வந்து கை காட்டுவார். மிச்சப்பட்டவர்கள் எதிரே இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குக் கட்டிய சோற்றைக் காலை எட்டரைக்கே தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது நிற்க வேண்டியதில்லை. விடிகாலை நாலேமுக்காலுக்குத் தலையணைக்குக் கீழே போன் அதிரும். படுத்தபடியே போட்டி போடலாம். கேட்டை எடுத்து ஒவ்வொருத்தர் கட்டிலிலும் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மேஸ்திரி கை காட்டியதில் கணக்கு இருந்தது. ஊர்க்காரன், சாதிக்காரன், தீபாவளிக்கு நாட்டுக்கோழி கொண்டுவந்து கட்டியவன் என்று அந்தக் கை ஒரு வரிசைப்படிதான் நீளும். எத்தனை சீக்கிரம் வந்து நின்றாலும் சிலர் பக்கம் அது திரும்பவே திரும்பாது. இந்த ஆப்புக்குச் சாதி தெரியாது, கோழி தின்னவும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன்.

ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் வசதியில் மறுபடி ஆரம்பிக்கலாம். மருமகள் ஒரு நைட்டைத் தோழிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஆப்பில் கோரிக்கை போட வேண்டும். தோழி சம்மதிக்க வேண்டும். இருவருக்கும் தகுதி ஒன்றா என்று இயந்திரம் சரிபார்க்கும். பிறகு நர்சிங் சூப்பிரண்டெண்ட் ஒப்புதல். கோரிக்கைக்குக் காரணம் சொல்ல ஒரு பட்டியல் விரிகிறது: உடல்நலம், குடும்ப நிகழ்ச்சி, தனிப்பட்ட காரணம், மற்றவை.

என் ஜன்னலுக்கு வந்த காரணங்களை இந்த நாலு பெட்டிக்குள் எப்படி அடைப்பேன்? குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. மாமியார் வந்திருக்கிறாள், ராத்திரி வீட்டில் இருக்க முடியாது, அதனால் முழு நைட்டே கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது தண்ணி முறை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஊரில் கொஞ்சம் பூமி உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் மடை திறக்க வேண்டுமென்றால் திறந்தே ஆக வேண்டும். விட்டால் அடுத்த முறைவரை பயிர் காத்திருக்காது. ஆக அவனுக்கு இரண்டு ஷிப்ட் பட்டியல்கள்: ஒன்று வாய்க்கால் போட்டது, மற்றது நான் போட்டது. இரண்டும் மோதும்போது வளைந்துகொடுக்க வேண்டியது என் பென்சில்தான். தண்ணி முறைக்காரன் பகலுக்கும், மாமியார்க்காரன் நைட்டுக்கும் இடம் மாறிவிட்டால் மேஸ்திரிக்கும் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. மோசடியும் அந்த ரப்பர் அழித்த இடத்தில்தான் நடந்தது, இரக்கமும் அங்கேதான் நடந்தது. மென்பொருள் செய்கிறவர்கள் அந்த இடத்தைக் கச்சிதமாகப் பூசி அடைத்துவிட்டார்கள்.

வருகைப் பதிவும் அப்படித்தான். எங்கள் மில்லில் ஒருவன் தாமதமாக வந்தால், அவன் டோக்கனை நண்பன் எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவான். பிறகு பஞ்ச் கார்டு வந்தது; நண்பன் அதையும் சேர்த்துக் குத்தினான். இப்போது ஆஸ்பத்திரியைச் சுற்றி வானத்திலேயே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். போன் அந்த வேலிக்குள் வந்தால்தான் வருகை பதிவாகும். நண்பனால் முடியாது. சில சமயம் சொந்தக்காரியாலும் முடியாது: மருமகள் வண்டியை நிறுத்துவது தரைக்குக் கீழே, அங்கே சிக்னல் கிடையாது, லிஃப்டில் மேலே வந்ததும் போன் அவளைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் காட்டுகிறது. வார்டில் இன்ஜெக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு டீக்கடையில் நின்றதாக லேட் மார்க் விழுந்தது. டோக்கன் காலத்தில் வராதவன் வந்ததாகக் கணக்கு, இப்போது வந்தவள் வராததாகக் கணக்கு.

அடுத்தது 'தானியங்கிப் பட்டியல்'. எந்த வார்டில் எந்தக் கிழமை எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்று கணித்து, அதற்கேற்ப இயந்திரமே டூட்டி போட்டுவிடும். ஈவினிங் முடித்து ராத்திரி ஒன்பதுக்குப் போனவளை மறுநாள் காலை ஏழுக்கு வரச் சொன்னால், ஓரத்தில் ஆரஞ்சு நிற முக்கோணம் எரியும்: ஓய்வு போதவில்லை என்று எச்சரிக்கை. பார்த்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. "அப்புறம் என்ன ஆகும் கண்ணு?" என்றேன். "ஹெட் நர்ஸ் 'பரவாயில்லை'ங்கற பட்டனை அமுக்குவாங்க மாமா. முக்கோணம் போயிரும்."

இந்தக் கணிப்பு விளையாட்டு அமெரிக்காவில் முற்றிப்போய் நாளாகிறது. ராத்திரி காபிக் கடையைப் பூட்டிய பெண்ணே விடிகாலையில் வந்து திறக்கும்படி கம்ப்யூட்டர் டூட்டி போடுவதை 2014 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அப்படிப் போடுவதை நிறுத்துகிறோம் என்று ஸ்டார்பக்ஸ் கையோடு அறிவித்தது. 2017-ல் ஆரிகன் மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டது: 500 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளும் ஓட்டல்களும் டூட்டிப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும், முதலில் 7 நாள், 2020 முதல் 14 நாள். பெரிய சீர்திருத்தம் என்று பேசப்பட்டது. எங்கள் கேட்டருகே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய வேலை நேர அறிவிப்பு 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு. யார் எந்த நேரம் வேலை செய்வது என்று முன்னாடியே நிர்ணயித்து, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது. முறையை மாற்றுவதென்றால் முதலில் இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பிரதி. அதை யாரும் படித்ததில்லை என்பது வேறு கதை. பெட்டியின் சாவியே என்னிடம்தான் இருந்தது.

நான் மில்லில் சேர்ந்த மறு வருஷம், 1979-ல், அமெரிக்காவில் குரோனோஸ் என்ற கம்பெனி மைக்ரோபிராசசர் வைத்த வருகைக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வளர்ந்து, பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளின் டூட்டியும் சம்பளமும் அதன் கையில் போயின. 2021 டிசம்பரில் இணையத் திருடர்கள் அதன் சேவையை முடக்கிப் பணம் கேட்டார்கள். வாரக்கணக்கில் பல ஆஸ்பத்திரிகள் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதைத் தாளில் கையால் எழுதிவைத்தன. செய்தியைப் படித்தபோது, விண்ணப்பம் அனுப்பலாமா என்று எனக்கு ஒரு சபலம் தட்டியது. பென்சில் என்னிடம் இருந்தது.

ஆஃபில் இருப்பவனை மில் கூப்பிட வேண்டுமென்றால், எங்கள் ஆபீஸ் பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததுமே, "அவரு சந்தைக்குப் போயிட்டாருங்களே" என்று வாசலிலேயே பதில் வந்துவிடும். சந்தைக்குப் போனவர் சில சமயம் உள்ளே திண்ணைக்குப் பின்னால் இருமுவதும் கேட்கும். பையன் கேட்காதது மாதிரித் திரும்பி வருவான், நானும் கேட்காதது மாதிரி எழுதிக்கொள்வேன். மருமகளின் ஆப்பில், செய்தியை அவள் பார்த்துவிட்டாளா என்பதற்கு ஒரு நீலக் குறி இருக்கிறது. சந்தை என்று ஒரு ஊர் அதில் இல்லை.

ஆனால் நர்சுகள் விவரமானவர்கள். அவர்களுக்குள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தில் யாரும் அதில் கிடையாது. பேரம் முழுக்க அங்கேதான். நீ எனக்கு மாட்டுப் பொங்கல் பாரு, நான் உனக்குக் கிறிஸ்துமஸ் பார்க்கிறேன். இவளுக்குக் குழந்தை பால்குடி மறக்கிறவரைக்கும் நைட் வேண்டாம். அவள் போன மாசமும் கடைசி நிமிஷத்தில் கழண்டுகொண்டவள், அதனால் இந்த ஓப்பன் ஷிப்டில் யாரும் அவளை முந்தாதீர்கள், அவளே எடுத்துத் தீர்க்கட்டும். எல்லாவற்றையும் பேசி முடித்துவைப்பது ஒரு சீனியர் சிஸ்டர். முடிவான பிறகுதான் ஆப்பில் விரல் வைக்கிறார்கள், முதல் விரல் யாருடையது என்பது உட்பட. நான் அந்தச் சீனியர் சிஸ்டரைப் பார்த்ததில்லை. கோழி வாங்குவாரா என்று கேட்டதற்கு மருமகள் சிரித்துவிட்டு, "கேக் மாமா, கேக்" என்றாள்.

இது எப்படியோ நிர்வாகத்தின் காதுக்குப் போயிருக்க வேண்டும். இந்த மாதம் வந்த பதிப்பில், ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆப்பிலேயே ஒரு அரட்டைப் பகுதி சேர்த்திருக்கிறார்கள். மருமகள் திறந்து காட்டினாள். தினமும் தவறாமல் ஒரு செய்தி இருந்தது. எல்லாம் எச்.ஆர். மேடம் ரோஜாப்பூ படத்தோடு அனுப்பிய காலை வணக்கம்.