பேஸ் கிடார் பிக்கப் கவரும் பத்துப் பொருத்தமும்: ஒரு பன்முக நோக்கு

தமிழ் ஆய்வுலகம் மூடிகளைக் கவனித்ததே இல்லை. பானையைப் பற்றி எழுதியாயிற்று. பானைமேல் உள்ள கீறல்களைப் பற்றி எழுதியாயிற்று. கீறலை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று சண்டை போட்டும் ஆயிற்று. அந்தப் பானையின் மூடி எங்கே போய்த் தொலைந்தது என்று இதுவரை கேட்டவர் ஒருவரே (அம்மா, சமையலறை, தினமும்).

இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. அப்படித்தான் எழுத வேண்டுமாம். உள்ளபடி சொன்னால், சென்ற ஆடியில் என் பேஸ் கிடாரின் பிக்கப் கவரில் ஒரு காது உடைந்தது. புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பியவன் ஐப்பசிவரை வாங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வு எல்லை: ஒரு கிடார். கருதுகோள்: கடையில் கிடைக்கும். ஆய்வுப் பயன்: பின்னர் அறிவிக்கப்படும். நெறியாளர்: கேட்டவுடன் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இனிப் பொருள் விளக்கம். கிடாரின் இரும்புக் கம்பி அதிரும்போது அதன் கீழே உள்ள காந்தப்புலமும் கலங்குகிறது. காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளில் மின்னோட்டம் எழுந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. காந்தமும் சுருளும் சேர்ந்தது பிக்கப். அந்தச் செம்பு தலைமுடிக்கனமே இருக்கும், ஆயிரக்கணக்கான சுற்று. வியர்வையும் நகமும் பட்டால் போச்சு. ஆகவே மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. (பிளாஸ்டிக்கை 'நெகிழி' என்பதா 'ஞெகிழி' என்பதா என்ற வழக்குக்குள் இக்கட்டுரை நுழையாது. உள்ளே போனவர்கள் இன்னும் வெளியே வரவில்லை.)

வரலாறு சுருக்கமானது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஒரு துறையில் பெயர் எடுக்க அத்துறை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு எடுத்துக்காட்டு தேடி நம் பல்கலைக்கழகங்கள்வரை அலைய வேண்டாம் என்பதற்காக இதைக் குறிக்கிறேன். 1957இல் அந்த பிக்கப் இரண்டு துண்டாகியது: தடித்த இரண்டு கம்பிகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று. ஒன்றன் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிர் என்பதால் மின் இரைச்சல் ஒன்றையொன்று தின்று அடங்குகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அன்றுமுதல் பேஸ்காரர்கள் தொலைப்பதற்கு ஒன்றுக்கு இரண்டு மூடியாயிற்று. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் கழுத்துப்பக்க பிக்கப்பைவிடப் பிரிட்ஜ்பக்க பிக்கப் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். 'ஜோடிதானே' என்று ஒரே அளவில் இரண்டு கவர் வாங்கியவர்களின் கண்ணீர் தனி ஆய்வேட்டுக்கு உரியது.

அக்காலத்தில் மூடிக்கும் மூடி இருந்தது. பிக்கப்புக்கு மேலும் பிரிட்ஜுக்கு மேலும் குரோம் பூசிய தகடு வைத்துத்தான் கிடார் தொழிற்சாலையை விட்டு வரும். கை வைக்க இடைஞ்சல் என்று கழற்றியவர்கள், கவிழ்த்துப் போட்ட பிரிட்ஜ் மூடியில் சிகரெட் சாம்பலைத் தட்ட, அதற்கு 'ஆஷ்ட்ரே' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூடி தன் இயல்பான கடமையிலிருந்து விடுபட்டால் உயர்நிலை அடையும் என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்நாட்டில் இதன் வரவேற்பு பற்றி ஒரு வரி. இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸையும், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் ஹெட்ஃபோன் மாட்டி உருகியவர் கோடி. அந்த பிக்கப் கவர் என்ன நிறம் என்று கேட்டவர் பூஜ்யம்.

இனிச் சொல்லாராய்ச்சி. இங்கேதான் ஆய்வாளர் சறுக்கினார்.

'பிக்கப்', 'கவர்' இரண்டும் வேற்றுமொழிச் சொற்கள் என்பது மேலோட்டமான பார்வை. கவர்தல் என்றால் பறித்தல், ஈர்த்தல். காந்தம் ஈர்ப்பது. காந்தத்தின்மேல் இருப்பது கவர். இதற்குமேல் சான்று கேட்பவர் இனத்துரோகி. 'கப்பு' என்றால் கிளை. பிளவுபட்ட பிக்கப்புக்கு இரண்டு கிளை. 'பிளகப்பு' என்பது மருவி 'பிக்கப்பு' ஆயிற்று. இந்த முறையில் தேடினால் ஆம்ப்ளிஃபயரும் நம்முடையதே. தேடிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் 'பேஸ்' என்ற சொல்தான் களப்பணியைக் கெடுத்தது. கீழ்ச்சுருதியில் உறுமும் பேஸ், கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும் பேஸ், மின்வாரியம் மூன்றாகத் தரும் பேஸ், பவுடர் பூசும் பேஸ் ஆகிய நான்கையும் நாம் ஒரே மாதிரி எழுதி ஒரே மாதிரி சொல்கிறோம். இசைக்கருவிக் கடைகளில் "முழு பிக்கப்பா எடுத்துக்கோங்க, கவர் மட்டும் வராது" என்று கைவிரித்துவிட்டார்கள். (ஒரு காது உடைந்ததற்கு ஆளையே மாற்று என்னும் மருத்துவம்.) ஆகவே, முழுமை கருதி, மோட்டார் உதிரி பாகங்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கால் வைத்தேன். அங்கே கிடைத்த மூலபாடம் இது:

"அண்ணே, பிக்கப் கவர் இருக்கா?"

"எந்த வண்டி?"

"வண்டி இல்லண்ணே. பேஸ்."

"ஏஸா? ஏஸுக்கு இருக்கு. பொலேரோவுக்கும் இருக்கு. எத்தனை அடி?"

"அடி இல்லை. அம்பது சொச்சம் மில்லி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மணி காலை பதினொன்று. மில்லிக் கணக்கில் பேச அது உகந்த நேரமல்ல என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

"ஓட்டை வேணுமா?" என்றார்.

"வேணும்ணே. நாலு."

"மூலைக்கு ஒண்ணா?"

"இல்லை. ரெண்டு ரெண்டா, பக்கத்துல பக்கத்துல."

"அப்படிக் கட்டினா காத்துல பிச்சுக்கும் தம்பி."

அவர் தார்ப்பாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதில் ரிங் அடித்துக் கயிறு கோக்கும் துளைகள். நானோ காந்தம் தலைநீட்டும் துளைகள். இருந்தும் எண்ணிக்கையிலும் பயனிலும் இருவரும் ஏறக்குறைய உடன்பட்டிருந்தோம். மழை படக் கூடாது, உள்ளே இருக்கும் சரக்கு கெடக் கூடாது. முல்லைப்பாட்டின் அடிகளை முன்னும் பின்னுமாகப் பிரித்தெடுத்துக் கூட்டிப் பொருள்கண்ட நச்சினார்க்கினியர் அன்று கூட இருந்திருந்தால், 'பிச்சுக்கும்' என்பதைப் பிக்கப்போடு சேர்த்தும், 'காத்துல' என்பதைக் 'காதில்' என்று கொண்டும், உடைந்த காதுக்கு அப்போதே உரை எழுதியிருப்பார். கடைக்காரர் மட்டும் என்னவாம்? விடாமல் கேட்டார்: "சரக்கு என்ன ஏத்துறீங்க?" நான் "இசை" என்றேன். அங்கே உரையாடல் முடிந்தது (கடைக்காரர் அ, கல்லாவுக்குப் பின்னிருந்து, டீ ஆறுவதற்குமுன்).

தனித்தமிழில் கேட்டால் குழப்பம் தீரும் என்று பேராசிரியர் ஒருவர் அறிவுறுத்தினார். 'எடுப்பு மூடி' என்று கேட்டேன். பார்சல் சாப்பாட்டு டப்பாவின் மூடி நூறு அடங்கிய ஒரு கட்டு கொடுத்தார்கள் (கடைக்காரர் ஆ, ஏணியின் மூன்றாம் படியிலிருந்து, முகம் காட்டாமல், பையனின் இடைச்செருகல் "அம்பதும் இருக்குண்ணே", மறுபதிப்பு அன்று மாலையே, திருத்தமின்றி, விலை மட்டும் கூடுதல்). சொற்பொழிவில் தனித்தமிழ் பேசிவிட்டு வீட்டில் 'ஃபேனைப் போடு' என்பவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கியது. வீட்டில் ஃபேன் சுற்ற வேண்டும்.

ஆகவே இணையத்தில் வாங்கினேன். வாங்கியவற்றைப் பத்துப் பொருத்தம் பார்த்து வகைப்படுத்துகிறேன்.

தினம்: கூரியர்காரர் இன்று வருகிறாரா என்பது.

கணம்: 'கனம்' என்பதே சரியான பாடம், பிளாஸ்டிக் எத்தனை தடிமன் என்பது.

மகேந்திரம்: இதை ஒரு வண்டிப் பெயராகக் கொள்வர் பேட்டர்ஸ் சாலையார்.

யோனி, ராசி, ராசியாதிபதி, வசியம்: குடும்பத்தினர் படிக்கும் இதழ் என்பதால் விடப்பட்டன.

ஸ்திரீ தீர்க்கம் என்பது நீளம். இதில்தான் முதல் மூன்று கவர்களும் விழுந்தன. குற்றம் என் அளவுகோலில். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கேல். அதில் பூஜ்யம் ஓரத்திலிருந்து தொடங்காது, அரை சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டுத்தான் தொடங்கும். பள்ளியில் எட்டு வருஷம் அந்த மாதிரி ஸ்கேலால் அடி வாங்கியும் இதைக் கவனித்ததில்லை. அடி ஓரத்தில் படுவதில்லை, தட்டையில் படுவது. பிறகு தெருமுனை லேத்துப் பட்டறையில் வெர்னியர் கடன் வாங்கி அளந்தேன். 56 மில்லிமீட்டர். அமெரிக்க மூலம் அங்குலத்தில் பிறந்தது. ஆசியாவில் செய்யும் பிரதிகளில் பல மில்லிமீட்டரில் பிறந்தவை. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி நான்கில் எத்தனை குடும்பங்கள் பிரிந்தனவோ.

ரஜ்ஜு எல்லாவற்றிலும் முக்கியம். ரஜ்ஜு என்றாலே கயிறு. ஜோதிடர்கள் தாலிக்கயிற்றைச் சொல்கிறார்கள், நான் கிடார்க் கம்பியைச் சொல்கிறேன். பிரெசிஷன் பேஸில் கம்பி காந்தத்தின் தலைக்குமேல் போகாது. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காந்தம், இரண்டுக்கும் நடுவே கம்பி. ஆக ஒரு பாதிக்கு நான்கு காந்தம், கவரில் நான்கு துளை. துளைக்குத் துளை இடைவெளி அரை மில்லிமீட்டர் தப்பினால் மூன்று காந்தம் எட்டிப் பார்க்கும், நான்காவது உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். நான்காம், ஐந்தாம் கவர்கள் ரஜ்ஜுவில் தட்டின. அழுத்திப் போடலாமே என்றார் மைத்துனர் (கைப்பேசி, சிக்னல் விட்டுவிட்டு வந்த நிலையில்; 'லாமே' மட்டும் தெளிவாகக் கேட்டது; அவருடைய முந்தைய நூலான 'தட்டினா டிவி சரியாயிடும்' என்பதன் தொடர்ச்சி; அந்த டிவி இப்போது இல்லை). அழுத்தக் கூடாது. பழைய பாணி பிக்கப்பில் செம்புக் கம்பியைக் காந்தங்கள் மீதே நேரடியாகச் சுற்றியிருப்பார்கள். காந்தம் ஒன்று சற்று நகர்ந்தாலே ஏதோ ஒரு சுற்று அறும். ஒரு சுற்று அறுந்தால் ஆயிரமும் ஊமை. பத்துப் பொருத்தத்தில் கடைசியான வேதை அதுதான்.

ஆறாவது கவர் உலோகம். ஆசைப்பட்டு வாங்கியது. இரும்பாக இருந்தால் காந்தப்புலத்தைத் தானே விழுங்கிவிடும். பித்தளையில் சுழல் மின்னோட்டம் எழுந்து மேல்சுருதியை மழுக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் வாங்குவது 'நிக்கல் சில்வர்'. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. வெள்ளி குன்றிமணி அளவுகூடக் கிடையாது. கருத்தரங்கு மலர்கள் நினைவுக்கு வந்தன. எனக்கு வந்ததோ கிடாரில் வைக்குமுன்பே காந்தத்தில் 'டக்'கென்று போய் ஒட்டிக்கொண்டது. அது என்ன உலோகம் என்பதற்கு மேலாய்வு தேவைப்படவில்லை.

ஏழாவது கவர் பொருந்தியது. உள்சுவரில் உப்புத்தாளை மடித்து, கட்டைவிரல் நகத்தில் கறுப்புத்தூள் அப்பிக்கொள்ள ஒரு மணி நேரம் தேய்த்தபின். கீழே ஸ்பாஞ்ச் துண்டை வைத்து, இரண்டு காதிலும் திருகை இறக்கி, கம்பி மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். சத்தம் ஆடியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் மூடி ஒலியில் எந்த மாற்றமும் செய்யாது. இது முன்பே தெரியும். ஆய்வு முடிவு என்ற தலைப்பில் ஏதாவது எழுத வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். இதே முடிவை ஒரு தேசியக் கருத்தரங்குக்கு அனுப்பினேன். பதிவுக் கட்டணம் போய்ச் சேர்ந்த நான்காம் நிமிடம், ஆழ்ந்து பரிசீலித்து ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

தகுதி பெறாத ஆறு கவர்களையும் மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். மறுநாள் எண்ணினால் ஐந்து. தேடிக்கொண்டு போனால் பூஜை அலமாரியில் இருந்தது, ரஜ்ஜு தட்டிய நான்காமது. உள்ளே நான் வெட்டி மிச்சம் வைத்த ஸ்பாஞ்சை அடைத்து, துளைக்கு ஒன்றாக நான்கு ஊதுபத்தி. ஒன்றுகூடச் சாயவில்லை. சாம்பல் முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக விழுந்திருந்தது.

"அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குடா," என்றார் அம்மா. "கீழ் வீட்டு மாமியும் ஒண்ணு கேட்டா. அவளுக்கு ரெண்டு ஓட்டை இருந்தா போதுமாம்."