டீக்கடை பெஞ்சும் கவுன்சலிங்கும்

கேள்வி: மனசு விட்டுப் பேச டீக்கடை பெஞ்ச் இருக்கும்போது கவுன்சலர் எதற்கு?
- வாசகர், ராயகிரி

பதில்: பெஞ்சில் கேட்பவர் நாலு பேர், பொழுது சாய்வதற்குள் தெரிந்தவர் நாற்பது பேர். கவுன்சலரிடம் சொன்னது அவரைத் தாண்டாது. சிகிச்சை ரகசியத்தை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில்தான் விலக்கு.

முதல் சந்திப்பில் அறிவுரை மழை பொழியாது. தொந்தரவு எப்போதிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, சாகும் எண்ணம் வருகிறதா எனக் கேள்விகளே அதிகம். அடுத்து, எதை மாற்றுவது என்பதை வந்தவரும் சேர்ந்தே முடிவுசெய்கிறார். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரப் பேச்சு. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுவார்.

இதற்காகத் தென்காசிக்குப் பஸ் பிடிக்கவும் வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.