ஊரணிக் கரையும் தீர்மான நோட்டும்

நான் பிறந்து வளர்ந்த காலத்தில் கொத்தமங்கலத்தில் பூங்கா என்று எதையும் பார்த்ததில்லை. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஊரணி இருந்தது, கரையில் வேம்பும் அரசும் இருந்தன, அதற்கு அப்பால் மாடு அவிழ்த்துவிடப் பொட்டல் இருந்தது. மழை பெய்தால் வளவு வாசலில் அண்டாவை வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடிப்பார்கள். அண்டா நிறைந்த பிறகு மிச்சம் தெருவில் இறங்கி, வரத்துக்கால் வழியே ஊரணிக்குப் போய்ச் சேரும். செட்டிநாட்டு ஊர்கள் அப்படி யோசித்துக் கட்டப்பட்டவை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது எல்லோரும் மாளிகைகளைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த வரத்துக்கால்தான் பெரிதாகப் படுகிறது.

குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்கக் கூடாது. படியில் குனிந்து, குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தூசி ஒதுக்கி மொள்ள வேண்டும். யாராவது வரத்துக்காலில் மண்ணைத் தள்ளினால் சாயங்காலத்துக்குள் கரையில் நாலு பெரியவர்கள் கூடிவிடுவார்கள். எங்கள் ஐயா ஒரு முறை கேட்டது நினைவிருக்கிறது: “ஏம்ப்பா, தண்ணி வார பாதையில மண்ணக் கொட்டி வச்சிருக்க? விடியிறதுக்குள்ள அள்ளிப்புடு.” கொட்டியவரும் அள்ளிவிட்டார். மனு இல்லை, ரசீது இல்லை, வாய்தா இல்லை.

ஆனால் அந்தக் கரைப் பேச்சில் பெண்கள் பேசி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தான். எல்லாச் சாதியாரும் ஒரே படித்துறையில் இறங்கிய காலமும் அதுவல்ல. ஐயாவின் பேச்சு எடுபட்டதற்கு நியாயம் ஒரு காரணம், சொன்னவர் ஐயா என்பது இன்னொரு காரணம். அந்த நாளே திரும்பி வரட்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

இன்றைக்குச் சட்டப்படி எல்லோருக்கும் வாய் உண்டு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். ஆண்டுக்கு நாலு முறை கூடிக்கொண்டிருந்த சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு முறை கூடுகிறது. ஊராட்சித் தீர்மானம் சட்டத்துக்கு முரணாக இருந்தால் அதை ரத்து செய்யும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. அங்கேயும் நடக்கவில்லையென்றால் உயர் நீதிமன்றம். ஐயா காலத்தில் அதற்கு ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு சிவகங்கை மாவட்டத்துக்காரர் காலையில் பஸ் ஏறினால் போதும்.

இத்தனை வழி இருந்தும் பொது இடம் கைவிட்டுப் போகிறது என்று நமக்குத் தெரிவது எப்போது? மண் அள்ளும் இயந்திரம் உள்ளே வந்து நிற்கும்போதுதான். நான் இப்போது குடியிருப்பது வேறு ஊரில். பெயர் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் கடைகள் கட்டுவதென்று உள்ளாட்சியில் தீர்மானம் ஆகியிருந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கினோம். பெரிய மனைப்பிரிவு என்றால் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மங்கலான ஜெராக்ஸ் அது. மனை எண்களுக்கு நடுவே கோடு போட்ட கட்டம், அதற்குள் சின்ன எழுத்தில் ‘பூங்கா’. ஓரத்தில் நகர் ஊரமைப்புத் துறையின் முத்திரை. அந்த ஒரு தாள் கைக்கு வந்த பிறகு எங்களிடம் பேசிய தொனியே மாறியது.

“கடை வந்தால் உங்களுக்குத்தானே வசதி?” என்று கேட்டார்கள். இதற்கான பதில் பெங்களூரிலிருந்து எப்போதோ வந்துவிட்டது. அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையை யார் வேண்டாம் என்பார்கள்? இருந்தும் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பூங்காவைக் காக்க அங்கே குடியிருப்பவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றும் சொன்னது. நல்ல காரியத்துக்கும் இடம் வேறெங்காவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிராமத்துக்கு இதைவிட நெருக்கமான வழக்கு பஞ்சாபில் நடந்தது. பட்டியாலா மாவட்டத்தில் ஒரு ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். நிலத்துக்கு விலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆட்சியரே ஊராட்சிக்குச் சொல்லிவிட்டார். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் போடுமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பணம் கட்டினால் குளம் சொந்தமாகிவிடாது. இதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

தீர்மானம் வெறும் காகிதம் என்பவர்கள் மேலூர்ப் பக்கத்தைப் பார்க்கட்டும். அரிட்டாபட்டியையும் சுற்றுப்புறத்தையும் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. 2024 நவம்பரில் கிராம சபைகள் வேண்டாமென்று தீர்மானம் போட்டன, சனம் தெருவில் இறங்கியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே எதிர்த்தது உள்ளாட்சியை அல்ல, டெல்லியை. ஆனால் ஆயுதம் அதே தீர்மான நோட்டுதான்.

எங்கள் குடியிருப்பின் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் ஆட்சேபணையை நோட்டில் எழுதி முடித்து, வாசித்துக் காட்டும்வரை உட்கார மாட்டேன் என்று நின்றார். அது எழுதப்பட்டது. கடைத் திட்டத்தை ஒத்திவைத்திருக்கிறார்கள். ரத்து என்று இன்னும் எழுத்தில் வரவில்லை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கொத்தமங்கலத்தில் இருக்கும் தங்கை மகனுக்கு போன் போட்டு, ஊரணியின் அ-பதிவேட்டுப் பக்கத்தையும் புலப்படத்தையும் எடுத்து வைக்கச் சொன்னேன். “நம்ம ஊரணிக்குத்தான் ஒண்ணும் ஆகலையே அம்மான், இப்ப எதுக்கு?” என்றான். ஆவதற்கு முன்னால்தான் எடுக்க வேண்டும், வரத்துக்காலுக்குத் தனி சர்வே எண் இருக்கும், அதையும் சேர்த்துப் பார் என்றேன்.