கழக்கூட்டத்திலிருந்து மினிக்காய்: கையொப்பத் தொலைவு குறித்த ஓர் ஆய்வு

தீவின் தொலைவைக் கடல்மைலில் அளப்பது மாலுமிகளின் வழக்கம். லீவு போட்டுப் போக நினைப்பவருக்கு அந்த அளவு உதவாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அவருக்கும் தீவுக்கும் நடுவே முதலில் கிடப்பது கையொப்பம், தண்ணீர் அதற்கப்புறம்தான். எனவே தொலைவின் அலகாகக் கையொப்பத்தையே கொள்ளலாம் என்று முன்மொழிகிறோம். தாளிலோ திரையிலோ இன்னொருவர் ‘சரி’ சொல்லும்வரை நகர முடியாமல் நிற்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு கையொப்பம்.

ஆய்வுக்களம், திருவனந்தபுரத்தின் வடக்கே உள்ள கழக்கூட்டம். 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இங்கேதான் இருக்கிறது. ஆய்வுப்பொருள், அதன் வாசலுக்கு எதிரே ஒரு சாயக்கடையில் பழம்பொரியைச் சாட்சியாக வைத்துக் கூடும் பயணக்குழு: நாகர்கோவில்காரர் ஒருவர், பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர், பாலக்காட்டுத் தமிழர் ஒருவர், உள்ளூர்ச் சேட்டன் ஒருவர், இவ்வாய்வாளர். இந்த ஊரில் கூடிச் சதியாலோசனை செய்வது புதிதல்ல. வேணாட்டு அரசரை எதிர்த்து நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அவர்களை மார்த்தாண்டவர்மா அடக்கினார். இக்குழுவை அடக்குபவர் புராஜெக்ட் மேனேஜர்.

இனி நிலவியல். கழக்கூட்டம் வடக்கு 8 பாகை 34 கலையில் இருக்கிறது. லட்சத்தீவுகளின் தென்கோடியான மினிக்காய் 8 பாகை 17 கலையில். அதாவது கழக்கூட்டத்துக் கடற்கரையில் மேற்கே பார்த்து நின்று, முகத்தை ஒரு சிறிது இடப்பக்கம் திருப்பினால், பார்வை போய் முட்டுகிற முதல் நிலம் மினிக்காய்தான். இடையே 420 கிலோமீட்டர் போலக் கடல், வேறொன்றும் இல்லை. ஆனால் கழக்கூட்டத்துக்காரர் மேற்கே போக முடியாது. முதலில் வடக்கே 200 கிலோமீட்டர் ரயிலேறிக் கொச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து கப்பலில் 398 கிலோமீட்டர், வடக்கே ஏறியதையெல்லாம் திரும்பத் தெற்கே இறங்கியபடி, மேற்கே போக வேண்டும்.

நாம் நிற்கும் கடற்கரையின் பெயர் செயின்ட் ஆண்ட்ரூஸ். அந்த ஆண்ட்ரூதான் ஸ்காட்லாந்தின் காவல் புனிதர். இந்த ஒற்றைச் சான்றைக் கொண்டு கழக்கூட்டத்துக்கும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கும் பண்டைத் தொடர்பு உண்டென்று நிறுவிவிடலாம். இதைவிட மெலிந்த சான்றில் முனைவர் பட்டங்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. அந்த வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் இன்றும் வீட்டுமொழியாகக் கேலிக் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்து முழுவதற்குமாக 2011 கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் சுமார் 57,000 பேர். மினிக்காயின் மொழி மஹல். மற்றத் தீவுகளில் மலையாளத்தின் கிளையான ஜெசரி புழங்க, இங்கே மட்டும் மாலத்தீவின் திவேஹியோடு ஒட்டிய பேச்சு, வலமிருந்து இடமாக ஓடும் தானா எழுத்து. அதே 2011-இல் தீவின் மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். மொழி ஆர்வலர்கள் போக வேண்டிய இடம் எது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

முன்னோடிகள் என்று பார்த்தால் முதலாம் ராசராசன். கடலிலுள்ள பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளைக் கைக்கொண்டதாக மெய்க்கீர்த்தியில் பொறித்துக்கொண்டவன். அவை மாலத்தீவுகள் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அவன் நுழைவு அனுமதிக்குப் படிவம் நிரப்பியதாகக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை.

நமக்கோ படிவம் உண்டு. லட்சத்தீவுகளுக்குள் நுழைவதையும் தங்குவதையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1967-இல் வந்தவை. ஊர்க்காரர் அல்லாத பயணி எவராயினும் அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்குக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். விதி சும்மா போட்டதல்ல. மொத்தம் 32 சதுர கிலோமீட்டர் நிலம், மனிதர் வாழும் பத்துத் தீவுகள், சுமார் 64,000 மக்கள், சுற்றிலும் பவளப்பாறை. வருகிறவர்கள் எல்லோரையும் விட்டால் தீவு தாங்காது. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே கடலில் மூழ்கிப் பார்த்த படங்கள் வெளிவந்தபின் நாடே ஒரே வாரத்தில் லட்சத்தீவைத் தேடியபோது, இந்த விதியின் அருமை இவ்வாய்வாளருக்கே புரிந்தது. ஆயினும் குற்றம் செய்தவர்களைப் பிடித்துக் கப்பலேற்றித் தீவுக்கு அனுப்பியது ஒரு காலம். குற்றமே செய்யவில்லை என்று நிரூபித்தால்தான் தீவு என்பது இக்காலம். அந்தமானில் செல்லுலார் சிறை கட்டியவர்கள் இதைக் கேட்டால் குழம்பிப் போவார்கள்.

நாகர்கோவில்காரருக்கு விதியின் மேல் வருத்தமில்லை, வரலாற்றின் மேல்தான். 1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவை. அன்றுதான் அவை மத்திய ஆட்சிப் பகுதியாகப் பிரிந்தன. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்ததும் அதே நாள்.

“நம்ம ஊர எடுத்துக்கிட்டுத் தீவக் குடுத்திருக்கான், மக்களே. நல்ல யாவாரம்!”

“ஏல, ஒங்க ஊர்ல வடசேரிச் சந்தை இருக்கு. தீவுல என்ன இருக்கு?”

“தீவுல தீவு இருக்குல்லா, அண்ணாச்சி.”

இந்த விவாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் நடப்பதால் குறிப்பேட்டில் பதிவதை நிறுத்திவிட்டோம். மதுவிலக்கு பற்றிய விவாதமும் அப்படியே. பங்காரம் தீவு நீங்கலாக எங்கும் மது கிடையாது என்று தெரிந்த அன்று பாலக்காட்டுக்காரரின் உற்சாகம் கொஞ்சம் குறைந்தது, பிறகு தேறிக்கொண்டார்.

ஒப்பீட்டுக்கு மாலே நகரை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து வானில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கொச்சி சுற்றி மினிக்காய் போகும் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். அது வேற்று நாடு. ஆனால் இந்தியர் போய் இறங்கினால் விசாவைக் காசில்லாமல் குத்திக் கொடுக்கிறார்கள். ஆக, ஒட்டிய மொழியும் அதே சூரை மீனும் உள்ள இரு இடங்களில், அயல்நாடு பக்கத்திலும் சொந்த நாடு தூரத்திலும் இருப்பதாக நமது அலகு காட்டுகிறது. அலகில் பிழையென்று சேட்டன் சொல்கிறார். பாஸ்போர்ட் எடுத்தபோது வீட்டுக்கு வந்த போலீஸ்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். நியாயமான ஆட்சேபம், ஏற்றுக்கொண்டோம், முடிவை மாற்றவில்லை.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. மினிக்காய்க்காரர்கள் உயிருள்ள பொடிமீனைக் கடலில் இறைத்துக் கூட்டம் சேர்த்து, தூண்டில் கழியால் சூரையை ஒவ்வொன்றாக வீசியெடுக்கிறார்கள். வலை கிடையாது. பிடித்ததை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் மரக்கட்டை போல இறுகும். அதுதான் நம் தென்கரையிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி. அண்ணாச்சி குழுவில் சேர்ந்ததற்கு இது ஒன்றே காரணம். 1885-இல் எழுப்பிய கலங்கரை விளக்கத்தில் அவர் ஏறமாட்டார்; முழங்கால்.

அலகைச் செம்மைப்படுத்த வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. கையொப்பங்களை எண்ணினால் மட்டும் போதவில்லை. அவற்றுக்கு ஆயுள் உண்டு. லீவு கிடைத்த வாரத்தில் கப்பலில் இடம் இருக்காது. இடம் இருக்கும் வாரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘ரிலீஸ்’ இருக்கும். இரண்டும் கூடி வந்தால் யாராவது ஒருவர் வீட்டில் வளைகாப்பு. எல்லாம் சரியாக அமைந்தால் மே பிற்பாதி வந்துவிடும். மழைக்காலம் தொடங்கினால் சுற்றுலாக் கப்பல் செப்டம்பர் கடந்துதான். ஹெப்ரிடீஸில் பாரா என்ற தீவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது. கடல் வற்றினால்தான் ஓடுதளம். அதற்கும் அட்டவணை அச்சிட முடிகிறது, வற்றமும் ஏற்றமும் கணக்குக்கு அடங்குவதால். மேனேஜரின் மனநிலைக்கு அப்படி ஓர் அட்டவணை இதுவரை எவரும் அச்சிடவில்லை.

கடைசிக் கூட்டத்தின் நிலவரம்: கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் காட்டும் ‘சமுத்ரம்’ சுற்றுலாதான் என்று முடிவாகியிருக்கிறது. பகலில் தீவு, இரவில் கப்பல். பவளத்திட்டுக்கு வெளியே கப்பல் நிற்க, சிறு படகுக்கு இறங்கி மாறிக் கரைக்குப் போக வேண்டும். நான்கு பேர் படுக்கும் அறை. குழுவில் ஐந்து பேர். குறட்டை விடுபவர் விலகலாம் என்று முன்மொழியப்பட்டது. குழுவில் எவருமே குறட்டை விடுவதில்லை என்று தெரியவந்தது. லீவு விண்ணப்பம் மேலே போயிருக்கிறது. வாந்திக்கு அவோமின் ஓர் அட்டை வாங்கிச் சேட்டனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். அதன் பின்புறம் அச்சிட்டுள்ள காலாவதித் தேதிதான் இப்போதைக்குக் குழு ஏற்றுக்கொண்டுள்ள ஒரே கெடு.