மூவாயிரம் வெள்ளி மெஷினுக்கு ஒரு தராசு இல்லையாம்

பேராண்டி, ஷா ஆலம் வீட்டு மேசையில இத்தாலிக்காரன் மெஷின் ஏறி உட்கார்ந்துட்டுது, உன் பொண்டாட்டி அதுக்குச் சந்தனப் பொட்டும் வெச்சுட்டா. சந்தோசம். நீ போட்ட லாத்தேயை நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். கட்டினவ முன்னால புருசன் மானத்தை வாங்கலாமா? இப்ப அவ உள்ள போயிட்டா, காதைக் கொடு.

பெட்டியில 15 பார்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், அதைப் பார்த்துத்தானே வாங்கின? எஸ்பிரெசோவுக்கு வேண்டிய அழுத்தம் 9 பார். மிச்சம் ஆறும் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு.

மெஷினுக்கு 3,000 வெள்ளி கொடுத்த மவராசன், பொடியை மட்டும் பேரங்காடியில அரைச்சதா வாங்கியிருக்க. அது எந்தத் தைப்பூசத்துக்கு அரைச்சதோ! நல்ல அரைவை மெஷின் ஒண்ணு வாங்கு, கூடவே கிராம் காட்டுற தராசு. நாங்க பால்மரம் வெட்டின காலத்துல, ஸ்டோர்ல கிராணி தராசுல வைக்காம ஒரு வாளிப் பால் உள்ள போகாது. தண்ணி கலந்திருந்தா ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டே ஆளைப் பிடிச்சுடுவார். நீயோ கண்ணளவுல கொட்டிட்டு, காப்பி புளிக்குதுன்னு மெஷினைத் திட்டுற.

18 கிராம் பொடி போடு. 25லேருந்து 30 நொடிக்குள்ள 36 கிராம் இறங்கணும். அதுக்கு முன்னாலயே ஓடி வந்துட்டா புளிக்கும், இன்னும் நைசா அரை. சொட்டுச் சொட்டா அழுதா கசக்கும், கொஞ்சம் பருமனா அரை. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. எல்லாத்தையும் ஒண்ணாத் திருகிட்டு என்னைக் கேட்டா, நான் என்ன குறி சொல்றவனா?

சீனர் கடைக் காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பாங்க. மலிவா இருக்குன்னு அதை அரைவை மெஷின்ல கொட்டிடாத, பாகு ஒட்டிப் பல்லே இறுகிடும். அதுக்குத் துணிப்பையும் கொதிதண்ணியும் போதும். காப்பி ஒண்ணும் நேத்து இங்க வந்த சரக்கில்ல. சிலோன்ல இலைநோய் தோட்டங்களை அழிச்ச பிறகு, அங்கேயிருந்து வந்த துரைமாருங்க இந்தச் சிலாங்கூர்ல லைபீரியக் காப்பி நட்டாங்க. 1890கள் கடைசியில பிரேசில்காரன் காப்பியைக் குவிச்சான், விலை படுத்துச்சு. அப்புறம்தான் ஊரெல்லாம் ரப்பர். காப்பிக்குக் களை எடுத்தது நம்ம ஆளுங்க, அதனால நான் ரெண்டு வார்த்தை பேசலாம்.

இப்ப பால். நீ கெட்டுப்போற இடம் இதுதான்.

பால் சில்லுன்னு இருக்கணும், குவளையில பாதிக்கு மேல வேண்டாம். நீராவிக் குழாய் முனை பால் மேல்பரப்புக்குச் சற்றே கீழ இருக்கட்டும். ‘ச்ச்… ச்ச்’னு சில நொடி காத்து ஏறும். அத்தோட முனையை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிடு. மாமாக் கடையில தே தாரிக் இழுக்கும்போது வர்ற குமிழை எண்ணலாம். இந்த நுரையில குமிழே கண்ணுக்குத் தெரியக்கூடாது. 60, 65 டிகிரியில நிறுத்திடு. உள்ளங்கையைக் குவளையில வெச்சதுமே எடுக்கிற மாதிரி ஆனா, அதான் கணக்கு. 70ஐத் தாண்டினா காய்ச்சின வாடை வரும், இனிப்பு போயிடும். உங்கப்பனுக்கு நாக்கு வெந்தாத்தான் காப்பி. அவனுக்குக் கோப்பையை வெந்நீர்ல சூடாக்கிக் கொடு, பாலை அதுக்கு மேல சுட வைக்காத.

நேத்து நுரையில வரைஞ்சது அன்னம்னு சொன்ன. அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்குமாம். உன் கோப்பையில நுரை தனியா, பால் தனியா பிரிஞ்சு நின்னுச்சு. சரி, அன்னம்தான்.

பேரைப் பார்த்து மிரளாத. கப்பச்சினோவுக்கு இத்தாலிக்காரன் சங்கம் வெச்சே கணக்கு எழுதியிருக்கான்: 25 மில்லி எஸ்பிரெசோ, 100 மில்லி பாலை நுரைச்சு 125 ஆக்கி மேல ஊத்தணும். ஊத்துற 125ல அஞ்சுல ஒரு பங்கு காத்து. காத்துக்கும் காசு வாங்கறான், பொழைக்கத் தெரிஞ்சவன்! பாலைக் கூட்டி நுரையைக் குறைச்சா லாத்தே. சின்னக் கோப்பையில மெல்லிசு நுரையோட கொடுத்தா ஃபிளாட் ஒயிட். அது எங்க ஊர்ச் சரக்குன்னு ஆஸ்திரேலியாக்காரனும் நியூசிலாந்துக்காரனும் இன்னும் மல்லுக்கட்டுறாங்க.

ஒவ்வொரு தடவையும் குழாயை ஈரத் துணியால துடைச்சு, ஒரு மூச்சு நீராவியை வெளியே விடு. காய்ஞ்ச பால் உள்ள அடைஞ்சா, மெக்கானிக் வந்து பார்க்கிற கூலியில ஒரு மாசம் வெளியில காப்பி குடிக்கலாம்.

அப்புறம், நான் டின் பால் கேட்டதுக்கு முகத்தைச் சுளிச்சியே. ஸ்பெயின்ல, வாலென்சியாப் பக்கம், கண்ணாடிக் குவளையில டின் பாலை ஊத்தி, மேல எஸ்பிரெசோவை மெல்ல விட்டு, ரெண்டு அடுக்காக் கொடுப்பான். கஃபே பொம்போன்னு பேரு. அடுத்த வாரம் சம்பந்தி வரும்போது அதையே போடு, பேரை மட்டும் ஸ்பானிஷ்ல சொல்லு. எனக்கு ரெண்டு.