கூரையை நம்பும் பெட்டி

ஷோரூம் தம்பி சவுண்ட்பாரில் முதலில் போட்டுக் காட்டுவது வெடிச்சத்தம்தான். தரை அதிரும், வாங்க வந்தவர் தலையாட்டுவார். இரண்டு பேர் மெல்லப் பேசும் காட்சியை மட்டும் போடவே மாட்டார். குட்டு உடைவது அங்கேதான்.

பெட்டிமேல் டால்பி அட்மாஸ் முத்திரை வேறு. 2012இல் 'பிரேவ்' படத்தோடு தியேட்டருக்கு வந்த நுட்பம் அது. அங்கே கூரையிலேயே ஸ்பீக்கர் உண்டு. வீட்டுச் சவுண்ட்பாரில் பல, ஒலியை மேலே எறிந்துவிட்டு அது பட்டுத் திரும்பும் என்று நம்புகின்றன. தட்டையான கான்கிரீட் கூரை கைகொடுக்கும். சரிவான ஓட்டு வீடென்றால், தலைக்கு மேல் மழை கேட்க ஐப்பசி வரை பொறுக்க வேண்டியதுதான்.

மலிவுப் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப் பெருக்கிய வாட்ஸ், தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் உருப்படியான ஆர்.எம்.எஸ். கணக்கு பொடி எழுத்தில்.

உண்மையான பரீட்சை வீட்டில், மாமனார் செய்தி பார்க்கும்போது. "அந்தப் பொண்ணு என்ன மாப்ளே சொல்லுது?"

மாப்பிள்ளை கீழே ஓடும் எழுத்தைப் படித்துச் சொல்வார்.