மாற்றுத் தலை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி சீதனத்தோடு வந்தது. மேல் தட்டில் கலியாணத்துக்குக் கிடைத்த தேத்தண்ணிக் கோப்பைகள். ஜனாதிபதி வந்தால் எடுக்கலாம் என்று பதினேழு வருடமாகக் காத்திருக்கின்றன. நடுத் தட்டில் பிள்ளைகளின் பரிசுக் கேடயங்கள். கீழ்த் தட்டில், கூட்டுகிறவர் கண்ணுக்கு மட்டும் படக்கூடிய இடத்தில், எனக்கு ஒதுக்கப்பட்ட இரண்டடி நிலம். அதிலே பதினொரு பேர் அரைக்கு ஒரு ரோமத் துண்டோடு நிற்கிறார்கள்.

முதன்முதலில் அவர்களைக் கண்ட மாமி நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உவையளுக்கு ஒரு சாரமாவது கட்டி விடுங்கோவன். பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு."

நடுவில் நிற்பவன் ஹீ-மேன். பக்கத்தில் மண்டையோட்டு முகத்தோடு நீல நிறத்தில் நிற்பவன் ஸ்கெலிட்டர். அமெரிக்காவின் மட்டெல் பொம்மைக் கொம்பனி இவர்களைச் சந்தைக்கு விட்டது 1982இல். நாங்கள் ரூபவாஹினித் தொலைக்காட்சியைக் கண்டதும் அதே வருடந்தான். அடுத்த வருடமே கார்ட்டூன் தொடர் வந்தது. பொம்மைக்கு ஐந்தரை அங்குல உயரம், இடுப்பைத் திருப்பி விட்டால் சுழன்று குத்து விடும். குத்து வாங்கிய எதிரி திருப்பிக் குத்துவதற்கு அவனுடைய இடுப்பையும் நாங்களே திருப்ப வேண்டும். யுத்தம் முழுக்க ஒருவர் பொறுப்பு.

1986இல் லண்டனிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு ஹீ-மேன் கொண்டுவந்தார். அண்ணனுக்குக் கைக்கடிகாரம். அண்ணன் ஒரு கிழமையில் கடிகாரத்தைக் கிணற்றுக்குள் போட்டான். என் ஹீ-மேன் ஒன்பது வருடம் இருந்தான். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, அம்மா காணி உறுதி, நகை, தையல் மெசின் தலை, அரை மூட்டை அரிசி எல்லாம் சைக்கிளில் ஏற்றினார். நான் பதினேழு வயதுப் பெடியன். "என்ரை பொம்மையையும் எடுப்பம்" என்று அந்த நேரத்தில் வாய் திறக்க வெட்கம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகளே இல்லை. ஹீ-மேன் என்ன செய்வான், பாவம்.

இதைச் சொன்னால் மனைவி இரங்குவாள் என்று நினைத்துத்தான் ஒருநாள் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப தொலைஞ்சது ஒண்டு. இதிலை ஏன் பதினொண்டு?"

வட்டி என்றுதான் சொல்ல முடிந்தது.

விஷயம் இதுதான். 2020இல் மட்டெல், 'ஒரிஜின்ஸ்' என்ற பெயரில் அதே பழைய முகம், அதே பழைய அட்டைப் பெட்டி, அதே ஐந்தரை அங்குலத்தில் புதிதாக விடத் தொடங்கியது. குழந்தைகளுக்கு என்றுதான் பெட்டி சொல்கிறது. நாற்பது தாண்டிய குழந்தைகளை நினைத்துச் செய்தது என்பது அந்தப் பழைய பாணிப் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். பழையவனுக்குக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை ஆகியவை மட்டுந்தான் அசையும். புதியவனுக்குப் பதினாறு இடத்தில் மூட்டு. முழங்கால் மடித்து நிலத்தில் குந்துவான். நான் குந்தினால் எழும்ப ஆள் வேண்டும்.

ஆரம்ப விலை பதினைந்து டொலர் அளவில். டொலர் இருநூறு ரூபாயாக இருந்தபோது மூவாயிரம். மனைவியிடம் "முன்னூறு" என்றேன், ஒரு சைபரில் என்ன இருக்கிறது. 2022 மே மாதம் டொலர் முன்னூற்று அறுபதைத் தொட்டது. வெறும் காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டு வரிசையில் விட்டுவிட்டு, அதன் மேலேயே குந்தியிருந்து நான் கைபேசியில் ஸ்கெலிட்டரின் விலையை ஐயாயிரத்து நானூறு என்று பெருக்கிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, காஸ் வருதாமோ?" என்றார். "இல்லை, கூடிப்போச்சு" என்றேன். அவர் அதை வரிசை முழுக்கப் பரப்பிவிட்டார்.

பிறகு பண்டமாற்று. ரொறன்ரோவிலுள்ள மச்சானுக்கு வீட்டில் இடிப்பித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் போகும். ஊருக்கு வருகிற யாருடைய பெட்டியிலாவது எனக்கு ஒரு வீரன் வருவான். ஒருமுறை அவருடைய மனைவி கருவாடும் கேட்டிருந்தார். பழைய தொகுதியில் ஸ்டிங்கர் என்றொரு வில்லன் உண்டு. 1985இல் வந்தவன். நாற்றந்தான் அவன் ஆயுதம். பிளாஸ்ரிக்கிலேயே வாசனை எண்ணெய் கலந்து வார்த்தார்கள். கருவாட்டைப் பொதி செய்த அன்றிரவு எங்கள் விறாந்தைக்கு அவன் வந்திருந்தால் வாளைக் கீழே போட்டிருப்பான்.

அந்த ஸ்டிங்கரின் தலை புதிதாகச் செய்ததல்ல. மேர்-மேன் என்ற கடல் வில்லனின் தலைக்கே கறுப்பும் வெள்ளையும் அடித்து விட்டார்கள். ஹீ-மேன் ஏறுகிற பச்சைப் புலிகூட, கொம்பனியின் வேறொரு பொம்மைத் தொகுதியில் கிடந்த புலிதான். வர்ணம் மாற்றிச் சேணம் போட்டார்கள். பழைய சேலையில் பாவாடை, பாவாடை கிழிந்தால் தலையணை உறை, அதுவும் கிழிந்தால் அடுப்புப் பிடிதுணி என்று வாழ்ந்த என் அம்மா மட்டெலில் இருந்திருந்தால் நிச்சயம் மேலாளர். (பச்சைப் புலி என்னிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் புலி வாங்குவதற்கு நல்ல காலம் எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

சேகரிப்பாளர்கள் இரண்டு சாதி. பெட்டியை உடைக்கிறவர்கள், உடைக்காதவர்கள். உடைத்தால் விலை விழும். இந்த விரதம் வெளிநாட்டாருக்குக் கடினம். எங்களுக்குப் பிறவிக் குணம். புதுச் சைக்கிளின் சீற்றுப் பொலித்தீனை வெயில்தான் கழற்ற வேண்டும். றிமோட்டுக்குச் சட்டை, கதிரைக்கு உறை, உறைக்கு மேல் துவாய். மனைவியின் கூறைச்சேலை கலியாணத்தன்று ஒரு பகல் வெளிச்சம் கண்டதோடு சரி. ஆனாலும் நான் ஸ்கெலிட்டரைப் பெட்டியோடு வைத்திருந்தால் மட்டும் அது விசர்.

நான் பெட்டி உடைக்காத சாதி. என் மகன் உடைக்கிற சாதி. ஒன்பது வயது. கந்தசஷ்டி ஆறாம் நாள் நான் வேலையால் வந்தபோது விறாந்தையில் கிழிந்த அட்டைகள் கிடந்தன. மூச்சு நின்றது. மனைவி உபவாசம், ஆகவே கத்தக் கூடாது. எனக்கு உபவாசமில்லை, ஆனாலும் கத்தத் துணிவில்லை.

ஒரிஜின்ஸ் பொம்மைகளில் தலை, கை, கால் எல்லாம் கழற்றி மாற்றிப் பூட்டலாம். மட்டெல் இதைப் பெரிய புதுமை போலச் சொல்லும். சூரன்போர் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதிலே என்ன புதுமை? நல்லூர் வீதியில் சூரனைத் தோளில் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டி ஓடுவார்கள். ஆனைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகம், சிங்கமுகத்தைக் கழற்றிச் சூரன் தலை. மட்டெலுக்கு முன்பே நாங்கள் உருப்படியாக ஒரு பொம்மை செய்து, அதற்குத் தேர்ந்த ஓட்டக்காரரையும் வைத்திருக்கிறோம்.

ஸ்கெலிட்டரின் உடம்பில் இன்னொரு வில்லனான பீஸ்ட்-மேனின் தலை பூட்டியிருந்தது. அது சிங்கமுகன். எதிரே ஹீ-மேன், கையில் வாளில்லை. தென்னோலை ஈர்க்கில் செய்த வேல். அரையில் மனைவியின் பட்டுத் துணித் துண்டு ஒன்று வேட்டியாகக் கட்டியிருந்தது. மாமியின் கைவேலை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு முன்வரிசையில் இருந்தார். "இனிச் சூரன் தலையைப் போடடா" என்று மண்டையோட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

என் பதினோராயிரமோ பன்னிரண்டாயிரமோ பெறுமதி நிலத்தில் உருண்டது. வேல் பாய்ந்தது. மகன் நிமிர்ந்து பார்த்தான்: "அப்பா, மாமரமும் சேவலும் இல்லை."

குசினி வாசலில் நின்ற மனைவி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாயால், அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனப்பா, உந்தக் கொம்பனி சேவல் விடேல்லையோ? மச்சானைக் கேட்டுப் பாருங்கோவன். முன்னூறு ரூபாதானே."